போனில் வை-ஃபை வரவில்லையா? கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் சோதித்துப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டிற்கு பிராட்பேண்ட் இணைப்பும் பெற்றவர்கள் சில நாட்களிலேயே சந்திக்கும் ஒரு பிரச்னை உண்டு. கம்ப்யூட்டரில் இண்டர்நெட் நன்றாக வரும். ஸ்மார்ட் போனில் மட்டும் வை-ஃபை வராது. அல்லது வந்து வந்து போகும். உடனே போனை எடுத்துக் கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறோம். அங்கே "போர்டு போய்விட்டது" என்பார்கள். இன்னொரு கடையில் "அடுத்த போன் வாங்கும்போது கூடுதல் வாரண்டி போட்டுக் கொள்ளுங்கள், கவலையே இல்லை" என்பார்கள். இரண்டிற்கும் பணம் நம் பையிலிருந்துதான் போக வேண்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் மற்றும் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பலர் என்னிடம் போனைக் கொண்டு வந்து காட்டுவதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் சோதனை வரிசையை இங்கு தருகிறேன். கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் வாரண்டியால் நமக்கு என்ன பயன் என்பதும் தெரியும். ஏனென்றால், வாரண்டி என்பது போனின் உள்ளே இருக்கும் பாகம் தானாகப் பழுதானால் மட்டுமே கை கொடுக்கும். வை-ஃபை பிரச்னைகளில் பல, போனிலேயே இருப்பதில்லை.

மூன்று இடங்கள்

வை-ஃபை பிரச்னை மூன்று இடங்களில் ஏதேனும் ஒன்றில் இருக்கலாம். முதலாவது, வெளியிலிருந்து வீட்டிற்கு வரும் லைன். இரண்டாவது, வீட்டில் இருக்கும் ரௌட்டர். (ஃபைபர் இணைப்பில் மோடமும் ரௌட்டரும் பெரும்பாலும் ஒரே பெட்டியாக இருக்கும்.) மூன்றாவது, உங்கள் போன். எது என்று கண்டுபிடிக்கக் கீழே உள்ளபடி பாருங்கள்.

1. கம்ப்யூட்டர், போன் இரண்டிலும் இண்டர்நெட் இல்லையா? லைன் அல்லது ரௌட்டரில் கோளாறு. போனைத் தொட வேண்டாம்.

2. கம்ப்யூட்டரில் வருகிறது, போனில் வரவில்லையா? வீட்டில் உள்ள இன்னொரு போனை அதே வை-ஃபையில் இணைத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் ரௌட்டர் செட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

3. மற்ற போன்களில் வருகிறது, உங்கள் போனில் மட்டும் இல்லையா? இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, உங்கள் போனை அதில் இணையுங்கள். வேலை செய்தால் உங்கள் போனின் வை-ஃபை பாகம் நன்றாக இருக்கிறது என்று பொருள். உங்கள் ரௌட்டருக்கும் போனுக்கும் இடையேதான் ஏதோ ஒத்துப் போகவில்லை.

4. எந்த வை-ஃபையிலும் உங்கள் போன் இணையவில்லை என்றால் மட்டுமே போனைச் சந்தேகப்பட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். செலவு எதுவும் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டரே சோதனைக் கருவி

புதுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. விண்டோஸில் உள்ள பிங் என்ற கட்டளை மூலம் கோளாறு லைனிலா, ரௌட்டரிலா என்று பார்த்துவிடலாம். கம்ப்யூட்டரை ரௌட்டருடன் இணைத்து வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கருப்பு நிறத்தில் ஒரு விண்டோ கிடைக்கும். அதில் ஐபிகான்ஃபிக் (ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி - இடைவெளி இல்லாமல்) என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். வரும் வரிகளில் டிபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே ஒரு எண் இருக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். இதுதான் உங்கள் ரௌட்டரின் முகவரி.

இப்போது பிங் (பி, ஐ, என், ஜி) என்று டைப் செய்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த எண்ணைத் தந்து என்டர் தட்டவும். நான்கு வரிகளில் பதில் வந்தால் கம்ப்யூட்டரும் ரௌட்டரும் பேசிக் கொள்கின்றன என்று பொருள். அடுத்து, அதே போல பிங் கட்டளையுடன் 8.8.8.8 என்ற எண்ணைத் தரவும். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுமக்களுக்கு இலவசமாகத் தரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரி.

ரௌட்டர் பதில் தருகிறது, 8.8.8.8 பதில் தரவில்லை என்றால் லைனில் கோளாறு; இணைப்பு தந்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டும் பதில் தந்தும் இணையதளம் எதுவும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். செட்டிங்கில் பிரச்னை. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதியிருக்கும் விளக்கையும் பார்க்கவும். அது சிவப்பாக எரிந்தாலோ, மின்னினாலோ வெளியிலிருந்து ஒளி வரவில்லை. கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். போனை ரிப்பேர் செய்து இதைச் சரி செய்ய முடியாது.

ரௌட்டர் எங்கே இருக்கிறது?

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண், "அண்ணா, உள் ரூமுக்குப் போனால் வை-ஃபை போயிடுது, கடையில் போர்டு மாற்ற 3,500 ரூபாய் கேட்கிறாங்க" என்று போனைக் கொண்டு வந்தார். வீட்டிற்குப் போய்ப் பார்த்தேன். ரௌட்டர் தரையை ஒட்டி, இரும்பு பீரோவின் பின்னால் இருந்தது. அதை எடுத்து, பீரோவுக்கு மேலே திறந்த இடத்தில் மாட்டினோம். உள் ரூமிலும் சிக்னல் வந்துவிட்டது. 3,500 ரூபாய் மிச்சம்.

இரும்பு பீரோ, தகரக் கூரை, தண்ணீர்த் தொட்டி, கம்பி போட்ட கான்கிரீட் சுவர் ஆகியவை வை-ஃபை அலைகளைத் தடுக்கும் அல்லது உறிஞ்சும். ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்திற்கு மேல், திறந்த இடத்தில் வைப்பது நல்லது.

அடுத்து, 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் 2.4 ஜிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்த 2005-லும், 5 ஜிகாஹெர்ட்ஸில் பெரும் பகுதியைப் பயன்படுத்த 2018-லும் அரசு அனுமதி தந்தது. 2.4 தூரம் போகும். சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு; மைக்ரோவேவ் அடுப்பும், ப்ளூடூத் சாதனங்களும் இதே பகுதியில்தான் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் வலுவிழந்துவிடும். ரௌட்டருக்கு அருகில் 5, உள் அறைகளில் 2.4 என்று வைத்துக் கொள்ளலாம். சில விலை குறைந்த போன்களில் 2.4 மட்டும்தான் உண்டு. அவற்றில் 5 ஜிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க்கின் பெயரே தெரியாது. இதுவும் கோளாறு அல்ல.

ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருக்களில் பத்து ரௌட்டர்கள் ஒரே சேனலில் மோதிக் கொள்வதும் உண்டு. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ரௌட்டர் செட்டிங்கில் இவற்றில் ஒன்றை மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் பலரும் கேட்கும் இன்னொரு சந்தேகம், தோல் உறை போட்டால் சிக்னல் குறையுமா என்பது. காய்ந்த தோல் வை-ஃபையைக் குறிப்பிடும் அளவிற்குத் தடுக்காது. உலோகத் தகடு வைத்த கவர்தான் தடுக்கும். கவரைக் கழற்றிவிட்டு ஒரு முறை சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போனில் செய்ய வேண்டியவை

கீழே தரப்பட்டுள்ளவற்றை இதே வரிசையில் செய்திடவும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வை-ஃபை வருகிறதா என்று பார்க்கவும்.

1. ரௌட்டரை ஆஃப் செய்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யவும். மூன்று நிமிடம் பொறுத்திருக்கவும். போனையும் ரீஸ்டார்ட் செய்யவும். கரண்ட் போய் வந்த பின் வரும் பிரச்னைகளில் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

2. போனில் தேதி, நேரம் சரியாக உள்ளதா என்று பார்க்கவும். தேதி தவறாக இருந்தால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழைப் போன் ஏற்காது. வை-ஃபை இணைந்தது போலத் தெரியும். பக்கம் எதுவும் திறக்காது.

3. வை-ஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க்கின் பெயரைத் தொட்டு, ஃபர்கெட் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் பாஸ்வேர்டை மீண்டும் தந்து இணைக்கவும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனிக்கவும்.

4. வி.பி.என். ஆப் ஏதேனும் இருந்தால் ஆஃப் செய்யவும். ஆண்ட்ராய்ட் 9 முதல் வந்துள்ள பிரைவேட் டி.என்.எஸ். என்ற செட்டிங்கை ஆட்டோமேட்டிக் என்று மாற்றவும்.

5. ரௌட்டரில் குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு செய்திருந்தால் கவனம் தேவை. ஆண்ட்ராய்ட் 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, வேறு ஒன்றைக் காட்டுகின்றன. வீட்டு நெட்வொர்க்கிற்கு மட்டும் டிவைஸ் மேக் என்று மாற்றிக் கொள்ளலாம்.

6. கடைசியாக நெட்வொர்க் செட்டிங்கை மட்டும் ரீசெட் செய்யவும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரீசெட் ஆப்ஷன்ஸ் என்று போகவும். சாம்சங் போன்களில் இது ஜெனரல் மேனேஜ்மெண்ட் பகுதியில் இருக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல் சென்று ரீசெட் பகுதியில் காணலாம். சேமித்த வை-ஃபை பாஸ்வேர்டுகள் அழியும். போட்டோ, காண்டாக்ட் எதுவும் அழியாது. ஃபேக்டரி ரீசெட் என்பது வேறு. அதில் எல்லாமே அழிந்துவிடும். பேக்கப் எடுக்காமல் அதன் பக்கம் போக வேண்டாம்.

ரயில் நிலையத்தில் ரயில்டெல் நிறுவனம் தரும் ரயில்வயர் போன்ற பொது வை-ஃபையில் இணைந்த பிறகும், பிரவுசரில் மொபைல் எண்ணைத் தந்து ஓ.டி.பி. போட்டால்தான் இண்டர்நெட் வரும். "கனெக்டட், நோ இண்டர்நெட்" என்று காட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

உண்மையான ஹார்டுவேர் கோளாறு

இவ்வளவும் செய்த பின் கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் தெரிந்தால் போனின் உள்ளே பழுது இருக்க வாய்ப்பு அதிகம்.

* வை-ஃபை பட்டன் மங்கலாகத் தெரிகிறது. தொட்டால் ஆன் ஆவதில்லை.
* வை-ஃபை, ப்ளூடூத் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லை. பல போன்களில் இரண்டிற்கும் ஒரே சிப் என்பதே காரணம்.
* அபௌட் போன் பகுதியில் வை-ஃபை மேக் முகவரிக்கு எதிரே எதுவும் இல்லை, அல்லது 02:00:00:00:00:00 என்று காட்டுகிறது.
* ரௌட்டருக்கு மூன்றடி பக்கத்திலும் ஒரு கோடு சிக்னல்தான். மற்ற போன்களில் முழுதாக வருகிறது.

வாரண்டி உள்ள போன் என்றால் இந்த இடத்தில் நிறுத்திக் கொள்ளுங்கள். கம்பெனி அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரைத் தவிர வேறு யாரையும் திறக்கவிடாதீர்கள். வெளியார் திறந்த போனுக்கு வாரண்டி இல்லை என்று பல கம்பெனிகள் சொல்லிவிடும்.

ஈரமும் உப்பும் வெயிலும்

தோல் தொழிலில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க உப்பு போடுகிறோம். ஊற வைக்கும் இடத்திலும், டிரம் ஓடும் இடத்திலும் எப்போதும் ஈரம். உப்பும் ஈரமும் சேர்ந்தால் போனின் சார்ஜிங் துளை, ஸ்பீக்கர் துளை வழியே உள்ளே போய் உலோகத்தை அரிக்கும். போனின் உள்ளே ஈரம் பட்டால் நிறம் மாறும் சிறிய ஸ்டிக்கர் இருக்கும். அது சிவப்பாகிவிட்டால் வாரண்டி கிடைக்காது என்பது பெரும்பாலான கம்பெனிகளின் விதி. ஐ.பி.67, ஐ.பி.68 என்று போட்ட போன்களும் நல்ல தண்ணீரில் சோதிக்கப்பட்டவைதான். உப்புத் தண்ணீரிலும், ரசாயனத்திலும் அல்ல. வேலை நேரத்தில் போனை உலர்ந்த இடத்தில், மூடிய பையில் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

வெயிலும் அப்படித்தான். ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை உள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள் நிறுவனம். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதல்ல. தகரக் கூரையின் கீழ் சூடான போன் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். ஆற வைத்த பிறகு சோதனை செய்யவும்.

கூடுதல் வாரண்டி: மூன்றும் ஒன்றல்ல

கடையில் "வாரண்டி" என்ற ஒரே பெயரில் மூன்று வகையான திட்டங்களை விற்கிறார்கள்.

முதல் வகை, போன் கம்பெனியே தரும் கூடுதல் வாரண்டி. வழக்கமான ஒரு வருடம் முடிந்த பின் இன்னொரு வருடம் ஓடும். தானாக வரும் பழுதுக்கு மட்டும்.

இரண்டாம் வகை, விழுந்து உடைந்தால், தண்ணீர் பட்டால் பார்த்துத் தரும் பாதுகாப்புத் திட்டம். சிலவற்றில் ஸ்கிரீன் மட்டும்தான். பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் நாமும் ஒரு தொகை கட்ட வேண்டும்.

மூன்றாம் வகை, வேறொரு நிறுவனம் தரும் திட்டம் அல்லது இன்சூரன்ஸ். இன்சூரன்ஸ் என்றால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசி என்று கேட்டு, சான்றிதழை வாங்கிக் கொள்ளுங்கள்.

டிரம் ஓடும் இடத்தில் வேலை செய்பவருக்கு முதல் வகையால் பெரிய பயன் இல்லை. அவருக்கு வரக்கூடிய ஆபத்து ஈரம். முதல் வகையோ ஈரத்தைச் சேர்க்காது.

ஒரு கணக்கு

உதாரணத்திற்கு, போன் 15,000 ரூபாய். இரண்டாம் வருட வாரண்டி 1,200 ரூபாய். போர்டு பழுதானால் செலவு 6,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். 6,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் 5. அதாவது, இப்படிப்பட்ட ஐந்து போன்களில் ஒன்றாவது இரண்டாம் வருடத்தில் தானாகப் பழுதாகும் என்று நீங்கள் நம்பினால்தான் இந்த வாரண்டி லாபம். இல்லையென்றால் அந்த 1,200 ரூபாயைத் தனியே எடுத்து வைத்தால் போதும். பழுது வந்தால் உதவும். வராவிட்டால் உங்கள் பணம் உங்களிடமே இருக்கும்.

போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். சர்வீஸ் சென்டர் வேலூரில்தான் என்றால், கொடுக்க ஒரு நாள், வாங்க ஒரு நாள் என இரண்டு நாள் லீவு. தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு "இலவச" சர்வீஸும் இலவசம் அல்ல.

என் கருத்தில், விலை குறைந்த போனுக்குக் கூடுதல் வாரண்டி தேவையில்லை. விலை உயர்ந்த போன், மூன்று நான்கு வருடம் வைத்திருக்கும் எண்ணம், ஊரிலேயே சர்வீஸ் சென்டர், கம்பெனியே தரும் திட்டம் ஆகிய நான்கும் சேர்ந்தால் யோசிக்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது? வாங்கிய நாளிலிருந்தே தொடங்கினால், முதல் வருடம் இருக்கும் வாரண்டிக்கே மீண்டும் பணம் கட்டுகிறீர்கள்.
2. எவை சேராது? பேட்டரி, சார்ஜர், ஈரம், துரு பற்றிய வரிகளைப் படிக்கவும்.
3. ரிப்பேரா, பணமா, கடைக் கூப்பனா?
4. தேய்மானம் கழிப்பார்களா? ஒவ்வொரு முறையும் நாம் கட்ட வேண்டியது எவ்வளவு?
5. எந்த ஊரில் கொடுக்க வேண்டும்?
6. ஐ.எம்.இ.ஐ. எண் பில்லில் உள்ளதா? போனில் *#06# டயல் செய்தால் கிடைக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். தைரியமாகக் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டி இருந்தும் மறுத்தால்

முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் தந்து, புகார் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். பயன் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திற்குரிய ஆணையத்தில் வழக்குப் போடலாம். சென்னையில் வாங்கிய போனுக்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்திற்குள் போட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை இண்டர்நெட்டில் தேடி, கிடைத்த எண்ணுக்கெல்லாம் பேசாதீர்கள். போலி எண்களும் உண்டு. போன் பெட்டியில், வாரண்டி கார்டில் உள்ள எண்ணையே பயன்படுத்தவும். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழைக்கவும்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் போனை யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்து, போட்டோ, வீடியோக்களை ஒரு போல்டரில் காப்பி செய்து கொள்ளுங்கள். சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக் கொள்ளுங்கள். ரசீதில் ஐ.எம்.இ.ஐ. எண்ணும், என்ன கோளாறு என்பதும் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

இன்றே செய்யக் கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் போன் பில்லை எடுத்து, வாங்கிய தேதியிலிருந்து 11-வது மாதம் எப்போது என்று கணக்கிட்டு, காலண்டரில் குறித்து வையுங்கள். அன்று வை-ஃபை, ப்ளூடூத், கேமரா, ஸ்பீக்கர், சார்ஜிங் எல்லாவற்றையும் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். ஏதேனும் தானாகப் பழுதாகி இருந்தால் இன்னும் ஒரு மாதம் வாரண்டி பாக்கி இருக்கும். பைசா செலவில்லாமல் சரி செய்து கொள்ளலாம்.